இரண்டாவது வாரமும் வாருங்கள்

வளைகுடாவில் முதல் காட்சி பார்த்து விமர்சனம் சொல்லும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல். தனியாகச் சொன்னால் யாரோ ஒரு பெரிசு புலம்புகிறது என்று தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

சண்டைப் படத்தையும் பேய்ப் படத்தையும் நீங்கள் தூக்கி வைத்தாலும் போட்டு மிதித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. அவற்றுக்கு ரசிகர் மன்றம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளும். என் வருத்தமெல்லாம் காதல் படங்களைப் பற்றியது. அதிலும் கண்ணில் நீர் கோக்க வைக்கும் காதல் படங்கள். பிரிந்தவர்கள் காலம் கடந்து சந்திக்கிற கதை, சந்தித்தும் சேராமல் போகிற கதை, போய்ச் சேராத கடிதத்தின் கதை. இப்படி ஒரு படம் வந்தால் உங்கள் தீர்ப்பு முன்கூட்டியே அச்சடித்து வைத்த மாதிரி வந்து விழுகிறது. முதல் பாதி ஓகே. இரண்டாம் பாதி லேக். செண்டிமென்ட் ஓவர். பாட்டு நல்லா இருக்கு. ஐந்துக்கு இரண்டேகால். இதில் பாதியை நீங்கள் இடைவேளையிலேயே எழுதிவிடுகிறீர்கள். மீதியை வண்டி நிறுத்துமிடத்தில் எழுதுகிறீர்கள். படம் உங்களுக்குள் இறங்க எடுத்துக்கொண்ட நேரம், லிஃப்ட் மேலிருந்து கீழே இறங்க எடுத்துக்கொண்ட நேரம்தான்.

உங்கள் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று உங்களுக்கே தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். 2022 ஜனவரி வரை அமீரகத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அதனால் ஊரில் வெள்ளிக்கிழமை வருகிற படம் இங்கே வியாழன் மாலையே திரைக்கு வந்துவிடும். விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகும் அந்த முந்தல் முழுசாகப் போகவில்லை. ஊரிலோ நிலைமை தலைகீழ். 2023 பொங்கலுக்குத் 'துணிவு' வந்தபோது கொண்டாட்டத்தில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதன் பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி இல்லாமல் போனது. எவ்வளவு பெரிய நடிகரின் படமானாலும் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. அந்த 9 மணிக்கு இங்கே ஏழரை. அதற்குள் நீங்கள் படத்தைப் பார்த்து, தீர்ப்பு எழுதி, ஒரு தூக்கமும் போட்டிருப்பீர்கள். கடிகாரத்தில் நாம் ஊருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சினிமாவில் மட்டும் முன்னால். மதுரையிலும் திருச்சியிலும் டிக்கெட் கையில் வைத்திருப்பவர் உங்கள் இரண்டேகாலைப் படித்துவிட்டுத்தான் தியேட்டருக்குள் போகிறார்.

ஊர்க்காரர் மட்டுமில்லை. சவூதியில் பல பத்தாண்டுகளாகத் தியேட்டரே கிடையாது; 2018 ஏப்ரலில்தான் ரியாத்தில் முதலில் திறந்தார்கள். அதுவரை தம்மாம், அல் கோபர் பக்கத்துத் தமிழர்கள் ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் கடல் மேல் 25 கிலோமீட்டர் நீளும் பாலத்தைக் கடந்து பஹ்ரைனுக்குப் போவார்கள். இமிக்ரேஷன் வரிசை, கஸ்டம்ஸ் வரிசை, திரும்பும்போது மறுபடியும் அதே வரிசை. இன்றைக்கும் முசஃபா, சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்புகளிலிருந்து படம் பார்க்க வருகிறவருக்கு அது ஒரு நாள் காரியம். மாதத்தில் ஒரு படம், சில மாதங்களில் அதுவும் இல்லை. அவர் எந்தப் படத்துக்கு அந்த ஒரு நாளைக் கொடுப்பது என்று யோசிக்கும்போது கையிலிருக்கும் போனில் முதலில் தட்டுப்படுவது நீங்கள்தான்.

'96' படத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 அக்டோபர் 4 வெளியீடு. ஒளிப்பதிவாளராக இருந்த சி. பிரேம்குமார் இயக்கிய முதல் படம். தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த ராமும் ஜானுவும் 22 வருடம் கழித்து, சென்னையில் பழைய மாணவர்கள் கூடும் ஒரு மாலையில் பார்த்துக்கொள்கிறார்கள். அவளுக்குச் சிங்கப்பூரில் கணவனும் மகளும். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு ராத்திரி பேசிக்கொண்டே சுற்றுகிறார்கள். அவ்வளவுதான் கதை. பத்திரிகைகள் பெரும்பாலும் பாராட்டவே செய்தன. ஆனாலும் 158 நிமிடம் என்பதைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் பாதி மெதுவு, இழுவை என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

அந்த இரண்டாம் பாதியைப் பற்றி வளைகுடாவில் இருக்கும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று உண்டு. சென்னையில் இருக்கிற விமர்சகருக்கு அது சட்டென்று தோன்றாது. படம் ஒரு விமானத்தை நோக்கி நகர்கிறது. விடிந்தால் அவள் ஏற வேண்டும். அவர்கள் குடிக்கிற காபி, மழையில் நனைவது, அவன் வீட்டில் ரசம் சாதம் மாதிரி எளிமையாக எதையோ சேர்ந்து சாப்பிடுவது, மின்சாரம் போன இருட்டில் அவன் வருடக் கணக்கில் கேட்டு அவள் பாடாமலே இருந்த பாட்டைப் பாடுவது எல்லாமே அந்த டிக்கெட்டில் அச்சான நேரத்துக்குக் கீழேதான் நடக்கின்றன.

இந்த இரவு யாருக்குத் தெரியும்? வெக்கேஷன் முடிந்து திரும்புகிறவனுக்குத் தெரியும். ஒரு மாத லீவில் இருபத்தெட்டு நாள் ஓடிவிடும். கடைசி ராத்திரி மட்டும் ஓடாது. பெட்டியை எடை போட்டு, முப்பது கிலோவுக்கு மேல் போகிறதென்று ஊறுகாய் பாட்டிலை எடுத்து வெளியே வைத்து, மறுபடி உள்ளே வைத்து, அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்று, பிள்ளை தூங்கிப்போய், மனைவி தூங்காமல் இருந்து, யாரும் முக்கியமான எதையும் பேசாமல், கரண்டு பில், மாத்திரை, பக்கத்து வீட்டுக் கிணறு என்று ஒன்றுமில்லாத விஷயங்களைப் பேசிக்கொண்டே விடியும் ராத்திரி அது. வேகமாகப் போனால் தாங்க முடியாது. மெதுவாகப் போனாலும் தாங்க முடியாது. பிரேம்குமார் அந்த வேகத்தைத்தான் பிடித்தார். விமான நிலையத்துக்குப் போகும் காரில், கியர் மேல் இருக்கும் கையின் மேல் இன்னொரு கை வந்து படிகிற இடத்தில் ஒரு வசனமும் இல்லை. துபாயில் அந்தக் காட்சிக்கு அரங்கத்தில் யாரும் விசிலடிக்க மாட்டார்கள். எல்லாரும் ஏதோ ஒரு விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

இதை லேக் என்று எழுத எப்படி மனசு வருகிறது என்பதுதான் என் கேள்வி.

உங்களை எனக்கு ஓரளவு தெரியும். உங்களில் பலர் பெட் ஸ்பேஸில் இருக்கிறீர்கள். அறையில் ஆறு பேர், எட்டு பேர். அழ இடமில்லை. போட்டிம் செயலியில் வீட்டோடு பேசுகிறவன்கூட போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு பேசுகிறான். ஒருவன் கலங்கினால் அறை முழுக்கக் கலங்கும் என்பதால் யாரும் கலங்காமல் இருப்பது ஒரு எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தைத் தியேட்டருக்குள்ளும் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். படம் தொண்டையில் வந்து நிற்கும்போது, "என்னப்பா இவ்வளவு ஓவரா போறாங்க" என்று பக்கத்து இருக்கைக்காரனிடம் சொல்லிச் சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பு அப்படியே விமர்சனமாகப் போய்விடுகிறது. 2025இல் இந்தியில் 'சையாரா' வந்தபோது, தியேட்டரில் தேம்பி அழுத பிள்ளைகளின் காட்சிகளைப் பரப்பி எல்லாரும் கேலி செய்தோம். அதில் சிலது வேண்டுமென்றே நடித்ததாகவும் இருக்கலாம். ஆனால் கேலி செய்த கூட்டத்தில் எத்தனை பேர் படத்தைப் பார்த்தார்கள்?

வளைகுடாவுக்கு இந்தக் கண்ணீர் புதிதுமில்லை. 1970களில் எஸ்.ஏ. ஜமீல் மலையாளத்தில் எழுதிப் பாடிய 'துபாய் கத்துப் பாட்டு', இங்கே இருக்கும் கணவனுக்கு ஊரிலிருந்து மனைவி எழுதும் கடிதம். அது இங்கிருந்த மலையாளிக் குடும்பங்களை உலுக்கிப் போட்டது. அதற்குக் கணவனின் பதில் பாட்டையும் அவரே எழுதினார். அன்றைக்கு யாராவது அதை செண்டிமென்ட் ஓவர் என்றிருந்தால் கேட்டவர்கள் அடித்தே விரட்டியிருப்பார்கள். நம் பக்கம் 1996இல் அகத்தியனின் 'காதல் கோட்டை' வந்தது. முகம் பார்க்காமல் கடிதத்திலேயே காதலிக்கும் இரண்டு பேர். சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அந்தப் படத்துக்காக அவருக்குக் கிடைத்தது. நம்ப முடியாத கதை என்று சொல்லலாம்தான். ஆனால் கல்யாணமாகி ஒரு மாதத்தில் விமானம் ஏறி, பிறகு இரண்டு வருடம் கடிதத்திலும் ஒலிநாடாவிலும் மனைவியைத் தெரிந்துகொண்ட கீழக்கரைக்காரரிடமும் காயல்பட்டினத்துக்காரரிடமும் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் அவசரம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதே பிரேம்குமாரின் 'மெய்யழகன்' 2024 செப்டம்பரில் வந்தது. அது காதல் கதை இல்லை, ஆனால் அதுவும் நெகிழ்ச்சிக் கதை. அதுவும் தஞ்சாவூர், அதுவும் ஒரு ராத்திரி. நீளம், நீளம் என்று முதல் நாளிலிருந்தே பேச்சு. சில நாளிலேயே படத்திலிருந்து 18 நிமிடங்களுக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்தப் பேச்சு முழுக்க இங்கிருந்து கிளம்பியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாமும் அதில் ஒரு வாய். இரண்டாவது வாரம் போனவர்கள், முதல் நாள் போனவர்கள் பார்த்த படத்தைப் பார்க்கவில்லை. விமர்சனம் படத்தைப் பற்றிப் பேசலாம். படத்தின் மேல் கத்திரிக்கோலாக இறங்குவது எந்த ஊர் நியாயம்?

இந்த மாதிரிப் படங்களுக்கு முதல் நாள் ஒரு பொருட்டே இல்லை என்பதைச் சரித்திரம் பார்த்தால் தெரியும். 1999 டிசம்பரில் பாலாவின் 'சேது' வாங்க ஆளில்லாமல் திணறி, சில தியேட்டர்களில் பகல் காட்சியாக ஒட்டிக்கொண்டு வந்தது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே நூறு நாள் தாண்டியது. '96' ஐந்தாவது வாரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும்போது தீபாவளிக்குத் தொலைக்காட்சியில் போடப்போவதாக அறிவிப்பு வந்தது. தியேட்டரில் இன்னும் கூட்டம் இருக்கிறது, தள்ளிப்போடுங்கள் என்று த்ரிஷாவே வெளிப்படையாகக் கேட்டார். நடக்கவில்லை. ஆனால் ஒரு கதாநாயகி ஐந்தாவது வாரத்துக்காக வாதாடுகிற அளவுக்கு அந்தப் படத்தின் உயிர் பின்வாரங்களில் இருந்தது. சண்டைப் படம் வெள்ளி, சனி, ஞாயிறில் சம்பாதித்துவிட்டுப் போகும். காதல் படம் பார்த்தவன் அறைக்குத் திரும்பி, மறுநாள் டூட்டியில் அதை நினைத்து, சாப்பாட்டு நேரத்தில் இன்னொருவனிடம் சொல்லி, அவன் போய்ப் பார்த்து, அப்படித்தான் நகரும்.

ஒரு முறை தலைவிதி நம்மைப் பின்வரிசையில் உட்கார வைத்தது, ஞாபகம் இருக்கிறதா? 'சீதா ராமம்.' துல்கர் சல்மானும் மிருணாள் தாக்கூரும் நடித்து, ஹனு ராகவபுடி இயக்கிய தெலுங்குப் படம். தமிழிலும் மலையாளத்திலும் வந்தது. 2022 ஆகஸ்ட் 5 இந்தியாவில் வெளியானபோது வளைகுடாவில் தணிக்கை அனுமதி கிடைக்கவில்லை. அமீரகத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் தள்ளித்தான் வந்தது. இருபது வருடம் போய்ச் சேராமல் கிடந்த ஒரு காதல் கடிதத்தின் கதைக்குப் பொருத்தமான தாமதம்தான். அதற்குள் ஊரில் பார்த்து அழுதவர்கள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள். முந்திச் சொல்ல உங்களுக்கு ஒன்றுமே மிச்சமில்லை. எனக்குத் தோன்றுகிறது, அந்த ஒரு படத்தை நீங்கள் பந்தயம் இல்லாமல் பார்த்தீர்கள். யார் முதலில் என்ற ஓட்டம் இல்லாவிட்டால் நீங்கள் எவ்வளவு நிதானமாகப் பார்க்கக்கூடியவர்கள் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

அழ வைத்தால் நல்ல படம் என்று சொல்ல வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். '96' மேலேயே எனக்குக் குறைகள் உண்டு. ராம் யாரையும் தொடாமல் இருந்ததைப் படம் கொஞ்சம் அதிகமாகவே கும்பிடுகிறது. காதலின் ஆழத்துக்கு அது ஒன்றுதான் சாட்சியா? சிங்கப்பூரில் இருக்கும் அந்தக் கணவன் ஒரு மனிதனாகவே எட்டிப் பார்ப்பதில்லை. வந்திருந்தால் அந்த இரவு இன்னும் கனத்திருக்கும். ஆனால் தன்னை ராமின் மனைவி என்று நினைத்துக்கொண்ட அவன் மாணவிகளிடம் ஜானு, நடக்காமல் போன ஒரு வாழ்க்கையை நடந்தது போலச் சொல்லிக்கொண்டே போகிற இடம் இருக்கிறதே, அதற்காக மற்ற எல்லாவற்றையும் மன்னிப்பேன். அதே கதையை அதே இயக்குநர் 2020இல் தெலுங்கில் 'ஜானு' என்று எடுத்தார். சர்வானந்த், சமந்தா என்று நல்ல நடிகர்கள். அது எடுபடவில்லை. ஏன்? இதல்லவா விமர்சகர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி! கண்ணீருக்குச் சூத்திரம் இருந்தால் இரண்டு முறையும் வேலை செய்திருக்க வேண்டும்.

ஆகவே திட்டுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் எங்கிருந்தோ ஒரு புற்றுநோயைக் கொண்டுவந்து இறக்கினால் திட்டுங்கள். வசனத்தில் வராத வலியை வயலினை வைத்து மிரட்டி வாங்கினால் திட்டுங்கள். பெண்ணின் பின்னாலேயே சுற்றித் தொல்லை செய்வதைக் காதல் என்று விற்றால் இன்னும் பலமாகத் திட்டுங்கள். எந்த இடத்தில் பொய் சொன்னார்கள் என்று இடத்தைச் சொல்லித் திட்டுங்கள். "ஓவர்" என்ற ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினால் உண்மையாக அழ வைத்தவனும் ஏமாற்றி அழ வைத்தவனும் ஒரே குப்பைத்தொட்டிக்குள் போகிறார்கள். ஏமாற்றியவனுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

உங்கள் வாயை மூட வேண்டும் என்று கேட்கிறவர்களோடும் என்னைச் சேர்க்காதீர்கள். 2024இல் 'கங்குவா' படத்துக்கு வந்த விமர்சனங்களுக்குப் பிறகு தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், படம் வந்து மூன்று நாளைக்கு இணைய விமர்சனமே கூடாது என்று தடை கேட்டார்கள். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. சரியாகத்தான் மறுத்தது. கையிலிருந்து காசு போட்டு டிக்கெட் எடுத்தவனுக்குப் பேச உரிமை உண்டு. இலவச டிக்கெட்டில் பார்த்துவிட்டுப் புகழ்கிறவர்களும், தங்களைத் தாங்களே ஏதோ வெளிநாட்டுத் தணிக்கைக் குழு உறுப்பினர் என்று அறிவித்துக்கொண்டு படம் வரும் முன்பே நட்சத்திரம் வழங்குகிறவர்களும் இந்த மண்ணில் உண்டு. அவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எவ்வளவோ தேவலை. நேர்மையாகப் பார்க்கிறீர்கள், அவசரமாகச் சொல்கிறீர்கள். நேர்மையை விட்டுவிட வேண்டாம். அவசரத்தை மட்டும், அதுவும் இந்த ஒரு வகைப் படத்துக்கு மட்டும், கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காதல் படம் என்றால் இடைவேளையில் எழுதாதீர்கள். போனைப் பையில் போடுங்கள். படம் முடிந்த ராத்திரி ஒரு தூக்கம் போடுங்கள். காலையில் எழுந்ததும் எந்தக் காட்சி நினைவில் நிற்கிறதோ அதிலிருந்து ஆரம்பித்து எழுதுங்கள். ஒன்றுமே நிற்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள், அதைவிடக் கடுமையான தீர்ப்பு வேறு இல்லை. அழுதிருந்தால் எங்கே அழுதீர்கள் என்று சொல்லுங்கள். அறையில் இருக்கிறவர்கள் இரண்டு நாள் கிண்டலடிப்பார்கள், பிறகு அவர்களும் டிக்கெட் எடுப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு, இது கொஞ்சம் செலவு பிடிக்கும். இரண்டாவது வாரம், விடுமுறை நாளில், மாலைக் காட்சிக்கு இன்னொரு முறை போங்கள். முதல் நாள் கூட்டத்தில் இருப்பவர்கள் உங்களைப் போன்றவர்கள். இரண்டாவது வாரம் வருகிறவர்கள் வேறு ஆட்கள்: கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், இரண்டு பிள்ளைகளோடு வரும் நர்ஸ், சம்பளம் வந்த பிறகுதான் வர முடிகிற கடைப்பையன். அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே இருமுகிறார்கள், எங்கே போனை எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, முதலில் எழுதியதற்குக் கீழே நான்கு வரி சேருங்கள். கருத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. அதே இரண்டேகாலில் நீங்கள் நின்றாலும் சரி, இரண்டாவது முறை பார்த்த பிறகு நிற்கிறீர்கள் என்றால் நான் ஒப்புக்கொள்கிறேன்.

நான் கராமாவில்தான் இருக்கிறேன். அடுத்த காதல் படம் வரும்போது உங்களில் யாராவது இரண்டாவது வாரம் வருவதாக இருந்தால் டிக்கெட் என் செலவு. பாப்கார்ன் விலைக்கு நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
பின்வரிசைப் பார்வையாளன் ஒருவன்
துபாய்